படிக்காமல் போட்ட கையெழுத்து

லேமினேஷன் இயந்திரத்துக்கு ஒரு வாசனை உண்டு. சூடேறின பிளாஸ்டிக், கொஞ்சம் பசை, கொஞ்சம் கருகின தூசி. போன வாரம் சென்னீர்குப்பத்து பிரவுசிங் சென்டரில் என் அம்மாவின் காப்பீட்டு அட்டையை அந்த உருளைகளுக்கு நடுவே விட்டபோது அது கிளம்பி வந்தது. வந்ததும் நான் அங்கே இல்லை. அதே கடையில்தான், அதே உடைந்த கைப்பிடி நாற்காலிக்குப் பின்னால்தான், ஆனால் மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு மே மாதப் பகலில் நின்றுகொண்டிருந்தேன். வாசலில் வெயில் நெடுஞ்சாலையைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. கடைக்கார அம்மா திரையைப் பார்த்தபடி என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். நான் தலையாட்டினேன்.

அந்தத் தலையாட்டலைப் பற்றித்தான் எழுத வந்தேன். அதற்கு முன்னால் என் மனைவியைச் சொல்ல வேண்டும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் கார்களுக்கு ஒயர் கட்டுகிற கம்பெனியில் அவளுக்குப் பதினாறு வருட வேலை. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நரம்பு நரம்பாக வரும் ஒயர்களை ஒரு பலகையில் அடுக்கி நாடா சுற்றுவது. பிறகு அந்த வரிசைக்கே லீடர். நான் இரண்டு தெரு தள்ளி அட்டைப்பெட்டி அச்சடிக்கிற இடத்தில். 'இந்தப் பக்கம் மேலே', 'கவனமாகக் கையாளவும்' என்று நான் வாழ்க்கையில் அச்சடித்த அளவுக்கு யாரும் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார்கள். எங்கள் இரண்டு பேர் வீட்டுப் பெரியவர்களும் பூந்தமல்லிக்கு மேற்கே அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அந்த நிலத்தின் மேல் இப்போது லிஃப்ட் வைத்த குடியிருப்புகள் நிற்கின்றன. மழை பெய்தால் மட்டும் தண்ணீர் பழைய வரப்பு நினைப்பில் கார் நிறுத்துமிடத்துக்குள் போய்விடும். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கும்.

அவள் அஞ்சல் வழியில் சமூகவியல் படித்துப் பட்டம் வாங்கினாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. சிலர் தையல் கற்றுக்கொள்வதுபோல, இவள் படிக்கிறாள் என்று விட்டுவிட்டோம்.

கம்பெனியில் பெண்கள் புகார் குழு என்று ஒன்று உண்டு. அறிவிப்புப் பலகையில் தொழிலாளர் பிரதிநிதி என்று இவள் புகைப்படமும் ஒட்டியிருந்தது. நாலு வருடம் அந்தப் படத்துக்கு வேலையே இல்லை. பிறகு ஒரு நாள் வந்தது. தெற்கத்திப் பெண் ஒருத்தி, கான்ட்ராக்டில் சேர்ந்தவள், ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தவள், ஷிப்ட் பொறுப்பாளர் ஒருவர் மேல் எழுதிக் கொடுத்தாள். குழு கூடியது. டீ வந்தது, பிஸ்கட் வந்தது. எச்.ஆர். அதிகாரி ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் முடித்து, ஆங்கிலத்தில் அடித்த மூன்று பக்கத்தைச் சுற்றுக்கு விட்டார். எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். இவளும் போட்டாள். இரண்டு வாரத்தில் அந்தப் பெண்ணின் ஸ்டூல் காலியானது.

இவள் ஒரு தடவை அவளுக்குப் போன் செய்தாள். "நல்லாயிருக்கேன்க்கா," என்று ஒரு குரல். அதற்கப்புறம் அந்த எண் இல்லை.

சில நாள் கழித்து, சோறு வடித்துக்கொண்டே, முகத்தில் ஆவியடிக்க, இவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள். "நான் கையெய்த்து போட்டேனே, அதுல இன்னா எய்திகீதுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."

"உடு மே. நீ ஒருத்தி போடலன்னா மட்டும் மாறிடுமா?"

"மாறாது. ஆனா இன்னா எய்திகீதுன்னு தெரிஞ்சிருக்கும்ல." வடிதட்டைத் தட்டி நிமிர்த்தினாள். "அந்த ஆபீசர் எம்.எஸ்.டபிள்யூ படிச்சிகீறாராம். சோசியல் ஒர்க். நானும் அத்தப் படிக்கப் போறேன்."

அப்போது அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. நான் சிரிக்கவில்லை. சிரிக்காததை இன்று வரை என் நல்ல காரியங்களில் ஒன்றாக வைத்திருக்கிறேன்.

எஸ்டேட்டில் எம்.எஸ்.டபிள்யூ என்ற எழுத்துகளுக்கு ஒரே அர்த்தம்தான். எச்.ஆர். ஆவது. கேட்டுக்குள் நுழைந்ததும் இடது பக்கம் ஏ.சி. அறை, கண்ணாடிக் கதவு, கழுத்தில் அட்டை. சமூகப் பணி என்று ஒரு படிப்பு உண்டு, அதைப் படித்தவர்கள் சமூகத்துக்குப் பணி செய்யக்கூடும் என்று எங்கள் பக்கத்தில் ஒருத்தருக்கும் தோன்றியதில்லை. கறிக்கடையில் சொன்னால், "அப்ப அண்ணி இனிமே கண்ணாடி ரூமுல," என்றார்கள். எங்கள் தெரு வாட்ச்மேன் தன் மருமகனுக்கு அப்போதே வேலை சொல்லி வைத்தார். என் அண்ணன் மட்டும் வேறு மாதிரி பார்த்தார். அவர் இரும்புத் தகடு அடிக்கிற ஒரு பிரஸ் ஷாப்பில் முப்பது வருடம் சங்கத்துக் கொடி பிடித்தவர்.

"எனக்கு சார்ஜ் ஷீட்டு குடுத்தவனுங்க அத்தினி பேரும் அத்தத்தாம்மா படிச்சிருந்தானுங்க," என்றார் இவளிடம். "நல்ல இங்கிலீசு. ஒரு தப்பு இருக்காது."

"அதான் மாமா, அந்த இங்கிலீச நான் படிக்கணும்."

அந்த மாதத்து ஞாயிறுகள், சில சனிக்கிழமை மதியங்கள் எல்லாம் ஸ்கூட்டரில் கழிந்தன. ஆவடிக்கு அந்தாண்டை, வேப்பம்பட்டுப் பக்கம், நகரத்துக்குள், நகரத்தைத் தாண்டி. நான் காலேஜ் வாசல்களையும் மரங்களையும் பார்ப்பேன். எனக்கு ஓர் இடத்தில் நிற்க முடியாது. சுற்றிவிட்டு வந்து நூலகம் பெரிசு, கேன்டீன் சுமார் என்று அறிக்கை கொடுப்பேன். இவள் ஆபீசுக்குள் போகவே மாட்டாள். எதிரில் டீக்கடை எங்கே என்று பார்ப்பாள்.

"காலேஜு நல்லாகீதுன்னு காலேஜே சொல்லும். டீக்கடையில கேப்போம்."

அங்கே படிக்கிற பிள்ளைகள் நிற்பார்கள். இவள் போய் நடுவில் நின்றுகொள்வாள். முதலில் அவர்கள் யாரோ ஒருவரின் அம்மா என்று நினைத்து ஒதுங்குவார்கள். பிறகு இவளுடைய ஒரே கேள்வி வரும். "ஃபீல்டு ஒர்க்குக்கு எங்க அனுப்புறாங்க?" இந்தப் படிப்பில் வாரத்தில் இரண்டு நாள் வகுப்பு கிடையாது, வெளியே எங்காவது அனுப்பி வேலை பழக்குவார்கள் என்று அவள் தெரிந்து வைத்திருந்தாள். அந்த இரண்டு நாள் எங்கே போகிறார்களோ அதுதான் காலேஜ், மற்றது கட்டடம் என்பது அவள் கணக்கு. பதில்களை ஒயர் கம்பெனி கொடுத்த பழைய டைரியில் எழுதிக்கொண்டாள். ஓர் இடத்தில், "பேங்குல ஃபைல் அடுக்கினோம்க்கா," என்று ஒரு பெண் சொன்னாள். டைரியில் அந்தப் பக்கத்தில் பெரிய பெருக்கல் குறி.

கடைசியில் இரண்டு நின்றன.

ஒன்று ஆவடி போகிற வழியில். வீட்டிலிருந்து ஒரே பஸ். மாலை வகுப்பு, எச்.ஆர். பிரிவு. கம்பெனி மேனேஜர் கேள்விப்பட்டுக் கூப்பிட்டு, அங்கே சேர்ந்தால் ஷிப்டை மாற்றித் தருவதாகவும், முடித்தால் நலத்துறை அதிகாரி நாற்காலி இருப்பதாகவும் சொன்னார். இன்னொன்று நகரத்தின் அந்தக் கோடியில். முழுநேரம். சேர்ந்தால் வேலையை விட வேண்டும். அதன் கையேட்டின் அட்டையில் 'சமூக நீதி' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள்.

"அச்சடிக்கிறவன் நான் சொல்றேன், அட்டையில இன்னா வேணா போடலாம்," என்றேன்.

"அதான் டீக்கடை," என்றாள்.

அந்த டீக்கடையில் ஒட்ட வெட்டின தலையோடு ஒரு பெண் பன் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நகரத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுபோய் வைத்த குடிசை மாற்றுக் குடியிருப்பில் தனக்கு ஃபீல்டு ஒர்க் என்றாள். "முதல் மாசம் முழுக்க தண்ணி லாரி வர்ற இடத்துல உக்காந்திருந்தோம். நோட்டைத் தொடக் கூடாதுன்னு எங்க மேடம் சொல்லிட்டாங்க. எந்த வீட்டுக் குடம் கடைசியில நிக்குது, ஏன் எப்பவும் அந்தக் குடமே கடைசியில நிக்குது, அதைப் பாத்துட்டு வாங்க, அப்புறம் எழுதலாம்னாங்க."

இவள் டைரியை எடுக்கவில்லை. இன்னொரு டீ வாங்கி அந்தப் பெண் கையில் கொடுத்தாள். திரும்பும்போது போரூர் வரைக்கும் என் இடுப்பைப் பிடித்திருந்த கை ஏதோ யோசித்துக்கொண்டே இருந்தது. பதினெட்டு வருடம் பின்னால் உட்கார்ந்து வருகிறவளின் கை பேசுவது தெரியாதா.

எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கோடிக்குத்தான் போகப் போகிறாள்.

இப்போது அந்தத் தலையாட்டல். விண்ணப்பத்தை ஆன்லைனில் போட வேண்டும். அவளுக்குப் பகல் ஷிப்ட், எனக்கு வார விடுமுறை. 'ஏன் இந்தப் படிப்பு' என்ற கேள்விக்கு இரண்டு பக்கம் தன் கையாலேயே எழுதி வைத்திருந்தாள். ஸ்கேன் செய்ய ஒரு வெள்ளைத் தாளில் மூன்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள், எது நன்றாக வருகிறதோ அதைப் போட்டுக்கொள்ளலாம் என்று. சான்றிதழ்கள், புகைப்படம், எல்லாவற்றையும் ஒரு கவரில் எடுத்துக்கொண்டு நான் போனேன். அப்போது யாரோ ஒருவரின் அட்டை இயந்திரத்தில் போய்க்கொண்டிருந்தது. அந்த வாசனை. ஆவடிப் பக்கத்து விண்ணப்பம் முடிந்து, அந்தக் கோடி காலேஜின் பக்கம் திறந்தது.

"அண்ணா, இதுல எந்தப் பிரிவுன்னு கேக்குது. எச்.ஆர். தானே?"

அங்கேயும் ஒரு மூலையில் அந்தப் பிரிவு இருந்தது. அதற்குக் கீழே சமூக மேம்பாடும் உரிமையும் என்ற பிரிவும் இருந்தது. இரண்டும் திரையில் தெரிந்தன. எனக்குப் படிக்கத் தெரியும். கடைக்கார அம்மா கேட்டது எங்கள் ஊரே கேட்கிற கேள்விதான், அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை. நான் கண்ணாடி அறையை நினைத்தேன். பதினாறு வருடம் பெரும்பாலும் நின்றபடி வேலை பார்த்த அவள் முழங்கால்களை நினைத்தேன். எங்கே படித்தாலும் சரி, கடைசியில் ஒரு நாற்காலியில் உட்காரட்டும் என்று நினைத்தேன். இப்போது இப்படிச் சொல்கிறேன். அந்த நிமிடத்தில் இவ்வளவு நினைத்தேனா என்று சத்தியம் செய்ய மாட்டேன். தலை ஆடியது. அவள் கையெழுத்துப் போய் அதன் அடியில் உட்கார்ந்தது.

வீட்டுக்கு வந்து, "போட்டாச்சு," என்றேன். "எல்லாம் சரியா போட்டியா?" என்றாள். அதற்கும் தலையாட்டினேன். ஒரு தடவை ஆடின தலைக்கு அடுத்தது சுலபம்.

நேர்காணலுக்கு அவளுடைய மாம்பழ நிறப் புடவை. நான் வெளியே தூங்குமூஞ்சி மரத்தடியில் அலைந்துகொண்டிருந்தேன். எல்லாரும் பத்து நிமிடத்தில் வந்தார்கள். இவள் அரை மணிக்கு மேல் ஆக்கினாள். வந்ததும் என்னைப் பார்த்து, "டீ குடிக்கலாம் வா," என்றாள். குரல் அவ்வளவு மெதுவாக இருந்தால் ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

உள்ளே நடந்ததை அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் நரைத்த தலையோடு ஓர் அம்மா. அவர் இவளுடைய இரண்டு பக்கத்தையும் ஒரு கையில், விண்ணப்பத்தை மறு கையில் வைத்துக்கொண்டு கேட்டாராம். "எதுல கையெழுத்துப் போட்டேன்னு தெரியாமப் போட்டேன், அது மறுபடி நடக்கக் கூடாதுன்னு படிக்க வர்றேன்னு எழுதியிருக்கீங்க. ஆனா எச்.ஆர். பிரிவு கேட்டிருக்கீங்களே. இதுல எதை நான் எடுத்துக்கறது?"

தாளைத் திருப்பிக் காட்டினாராம். இவள் பார்த்தாள். எச்.ஆர். என்று இருந்தது. அடியில் இவளுடைய கையெழுத்து.

"நீ இன்னா சொன்ன?" என்றேன். டீ கையில் ஆறிக்கொண்டிருந்தது.

"இன்னா சொல்றது? என் கையெய்த்துதாங்க, நான் படிக்கலங்கன்னேன்." ஒரு வாய் குடித்தாள். "மூணு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கினாங்க. அதுக்கப்பறம் நான் சொன்னேன், இதுக்குத்தாங்க படிக்க வந்துகீறேன், இது ரெண்டாவது வாட்டி ஆயிப்போச்சுன்னு."

நான் ஆறின டீயை ஒரே வாயில் குடித்தேன்.

"வெள்ளத் தாளுல கையெய்த்து போட்டு ஊட்டுக்காரன் கையில குடுத்தேன் பாரு. வேல போன அந்தப் பொண்ணுகிட்ட இன்னா மூஞ்ச வெச்சிகினு போயி நான் சொல்றது?" டம்ளரை வைத்தாள். "நீயா போட்டியா, அந்தக் கடைக்கார அம்மா போட்டுச்சா?"

"நான்தான்."

"தெரிஞ்சா?"

"தெரிஞ்சுதான்."

கண்ணாடி அறையைச் சொன்னேன். முழங்காலைச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள், பெட்டி மேல் அச்சு சரியாக விழவில்லை என்று நான் சொல்லும்போது கேட்பாளே, அப்படி. பிறகு சொன்னாள். "என் முட்டிக்காலு மேல உனக்கு அவ்ளோ அக்கற கீதுன்னா தைலம் தேய்ச்சு உடு. எனக்காக எய்தாத."

திரும்புகிற பஸ்ஸில் அவள் பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள், பக்கத்து இடம் காலியாக இருந்தும் என்னைக் கூப்பிடவில்லை. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த மாம்பழ நிறத்தின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தேன். கரையான்சாவடியில் இறங்கும்போது மட்டும், "பையப் புடி," என்றாள். பையைப் பிடித்ததும் உயிர் வந்தது.

திருத்தம் என்றால் எழுத்தில் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். அன்று சாயங்காலமே அவள் எழுதினாள். ஒவ்வொரு வரியும் எழுதியதும் சத்தமாகப் படித்தாள். முடித்ததும் என்னைப் படிக்கச் சொன்னாள். பிறகு என் அம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அவருக்கு ஒருமுறை படித்துக் காட்டினாள். அம்மா முழுவதும் கேட்டுவிட்டு, "இதுல இவன் பேரே இல்லியே," என்றார். "அது வேற கேஸு அத்த," என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

இரண்டு காலேஜிலும் சீட் கிடைத்தது. முடிவு சொல்ல ஒரு வாரம் இருந்தது. அண்ணன் வந்தார். நான் சொல்ல வெட்கப்பட்டதை அவர் நேராகச் சொன்னார், அவருக்கே உரிய வழியில்.

"நான் ஒன்னு யோசிச்சம்மா. அந்த நாற்காலியில அவனுங்களே உக்காந்து உக்காந்துதான் நம்ம கத இப்பிடி ஆச்சு. நம்ம ஆளு ஒருத்தி உக்காந்தா நல்லதுதானே?"

அது நியாயமான கேள்வி. இவளும் அதை நியாயமாகவே எடுத்துக்கொண்டாள். கையிலிருந்த வெங்காயத்தை உரித்து முடித்தாள்.

"அந்த ஆபீசர் கெட்டவர் இல்ல மாமா. நான் போனதும் சேர இய்த்துப் போட்டாரு. டீயில சக்கர போதுமான்னு கேட்டாரு. ஆனா அவரு சேரு மேனேஜர் ரூமப் பாத்துகினு கீது. நான் உக்காந்தாலும் அது அங்கதான் பாத்துகினு இருக்கும். மொதல்ல ஸ்டூலாண்ட போயி கொஞ்ச நாளு உக்காந்து பாக்குறேன். அப்பறமா சேரத் திருப்ப முடியுமான்னு யோசிக்கலாம்."

அண்ணன் என்னைப் பார்த்தார். "இன்னாடா, உன் பொண்டாட்டி சங்கத்துல இருந்திருந்தா எனக்குப் பதவி கெடச்சிருக்காது போல."

"உங்களுக்கு எங்க மாமா கெடச்சிது," என்றாள். அவர் அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு நாய் குரைத்தது.

வேலையை விட்ட அன்று பலகையிலிருந்து ஒரு துண்டு நாடாவை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு வந்தாள். இரண்டு நாள் இருந்தது. குளிக்கும்போது எங்கேயோ போய்விட்டது.

முதல் நாள் காலை அவளை ஐயப்பன்தாங்கல் டிப்போவுக்கு ஸ்கூட்டரில் கூட்டிப்போனேன். தோளில் புதுப் பை. அதற்குள் சாப்பாடு, தண்ணீர், பழைய டைரி. பஸ்கள் ஒவ்வொன்றாக இருமிக்கொண்டு வெளியே வந்தன. அவள் பஸ் வந்து நின்றது. ஏறப் போனவள் திரும்பி, பையிலிருந்து இரண்டு தாளை எடுத்தாள்.

"மறந்தே போயிட்டேன். இதுல உன் கையெய்த்து வேணுமாம். இன்னிக்கே குடுக்கணும்."

பெற்றோர் அல்லது பாதுகாவலர் உறுதிமொழி. மற்ற மாணவர்களைக் கேலி செய்து துன்புறுத்த மாட்டார் என்று படிக்க வருகிற பிள்ளைக்காக வீட்டார் எழுதிக் கொடுப்பது. நாற்பத்திரண்டு வயதுக்காரிக்கு நான் பாதுகாவலன். டிரைவர் ஏறிவிட்டார். நான் தாளை ஸ்கூட்டர் சீட்டில் விரித்துப் பேனாவைத் திறந்தேன்.

"யோவ். படிச்சியா?"

"கேலி பண்ண மாட்டேன்னுதானே. அத்த மட்டும் என்னால உறுதி குடுக்க முடியாது, உன் வாயிக்கு. ஆனா போடுறேன்."

"படிச்சியான்னு கேட்டேன்."

"பஸ்சு எடுக்குறான் மே."

"எடுக்கட்டும். அடுத்தது வரும்."

அந்த பஸ் போனது. நாங்கள் இரண்டு பேரும் சீட்டின் இரண்டு பக்கமும் நின்றோம். ஆங்கிலம், பொடி எழுத்து. தெரியாத சொல் வந்தால் அவள் போனில் பார்த்துச் சொன்னாள். மூன்றாவது பத்தியை அவள் இரண்டு தடவை படிக்க வைத்தாள். காலை வெயில் தாளின் மேல் ஏறி வந்தது. எங்களைச் சுற்றி ஊரே வேலைக்கு ஓடிக்கொண்டிருக்க, நாங்கள் ஏதோ நிலப் பத்திரம் பார்க்கிறவர்கள்போல அங்கேயே நின்று, பின்பக்கம் முடிகிற வரை படித்தோம். பிறகு போட்டேன். இத்தனை வருடமாக எனக்கு ஒரே கையெழுத்துதான், அன்றைக்குக் கொஞ்சம் திருத்தமாக வந்தது.

அடுத்த பஸ் வந்தது. ஜன்னலோரம் இடம் பிடித்தாள். தாளை மடிக்காமல் டைரிக்குள் வைத்தாள். வண்டி நகரும்போது தலையை வெளியே நீட்டி, டிப்போவில் இருந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"மூணாவது பாராவுல இன்னா எய்திகீதுன்னு சாயங்காலம் வந்து கேப்பேன்."